வளைக்கரடி நின்ற வரிசை

உலகம் உண்டான நாள்தொட்டு இன்றுவரை மண்ணில் வளை தோண்டி வாழும், நாயளவே உள்ள ஒரு வளைக்கரடி, மனிதர்களைப் போல வரிசையில் நின்று தன் முறைக்காகக் காத்திருந்தது ஒரே ஒரு தடவைதான். அந்த ஒரு தடவையும் அது நின்றது லயனல் கிரிம்ஷாவின் முதுகுக்குப் பின்னால்தான். சொன்னவர் லயனல் கிரிம்ஷாவே என்பதால் வேறு ஆதாரம் தேவைப்படவில்லை. அதாவது, அவருக்குத் தேவைப்படவில்லை.

நெதர்கோட் ஊரின் ஏகாந்த முகாமாளர் சங்கத்துக்குத் தேவைப்பட்டது.

இந்தச் சங்கத்தின் அருமையைச் சொல்லாமல் மேலே போனால் நாக்கு அழுகிவிடும். மனிதன் தனியாகக் காட்டுக்குப் போய், தனியாகக் கூடாரம் அடித்து, தனியாகத் தேநீர் போட்டுக் குடித்து, தனியாக வனவிலங்குகளைக் கவனிக்க வேண்டும் என்பதைக் கூட்டாக வலியுறுத்துவதே சங்கத்தின் நோக்கம். தனிமையின்மேல் உறுப்பினர்களுக்கு இருந்த காதல் எவ்வளவு என்றால், அதைப் பற்றிப் பேச ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊர் மண்டபத்தில் கூடிவிடுவார்கள். 'தனிமை மேம்பாட்டு உபகுழு' என்று ஒன்று இருந்தது. 'மௌன ஒருங்கிணைப்பு உபகுழு' என்று இன்னொன்று. இந்த இரண்டாவது குழு பேச ஆரம்பித்தால், மண்டபத்தைப் பூட்ட வரும் ஆள் மூன்று தடவை வந்து திரும்பிப் போவான்.

வசந்தம் வந்தால் மாபெரும் நிகழ்ச்சி. 'ஆண்டின் ஏகாந்தர்' தேர்வு. போட்டியிடும் அத்தனை பேரும் ஒரே வார இறுதியில், ஒரே காட்டில், தனித்தனியாக முகாமிட வேண்டும். ஒரே நேரத்தில் இருந்தால்தானே யார் அதிகத் தனிமையில் இருந்தார் என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும்? இந்த ஏற்பாட்டில் உள்ள மேதாவிலாசத்தை வெளியூர்க்காரர்கள் யாரும் இதுவரை புரிந்துகொண்டதில்லை.

காட்டில் இரண்டு ஏகாந்தர்கள் எதிரெதிரே வந்துவிட்டால் என்ன செய்வது? அதற்கும் விதி உண்டு. ஒருவர் மற்றவரை மரமாகக் கருத வேண்டும். ஒரு வருஷம் க்ளைவ் என்கிற வேலி வியாபாரி, சங்கத் தலைவர் டெனிஸ் ஹாப்வுட்டை மரமாகக் கருதி அவர் தோளில் ஈரக் காலுறைகளைக் காயப்போட்டார். தலைவர் காய்கிற வரைக்கும் அசையவில்லை. தலைவர் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

வெற்றி பெறுகிறவருக்குக் காட்டு வாசலின் சாவி கிடைக்கும். கோடை முழுக்க, வளைக்கரடிகளின் வளைக்கு எதிரே சாய்ந்து கிடக்கும் ஓக் அடிமரத்தில் அவர் ஒருவர் மட்டுமே உட்காரலாம். குட்டிகள் வெளியே வந்து ஒன்றின்மேல் ஒன்று விழுந்து புரள்வதை அங்கிருந்துதான் பார்க்க முடியும். லயனல் இருபது வருஷமாகச் சங்கத்தில் இருக்கிறார். ஒரு குட்டியின் வால் நுனியைக்கூடப் பார்த்ததில்லை. ஊர்ப்பட்ட குழாய்களில் தண்ணீர் ஓடுகிறதா என்று குனிந்து பார்த்தே உத்தியோகத்தைக் கழித்த மனிதர். ஓய்வு பெற்ற பிறகாவது நிமிர்ந்து ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஒரு தாகம். அந்தச் சாவி வந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று இருந்தார்.

இதில் இரண்டு சிக்கல்கள். முதல் சிக்கலின் பெயர் முரியல் ஸ்டோக். சாவி வருஷக்கணக்காக முரியலின் கழுத்திலேயே தொங்கியது. ரயிலில் பயணச்சீட்டுப் பரிசோதித்து ஓய்வு பெற்ற அம்மாள் அவர். மனித குலம் மொத்தமும் சீட்டில்லாமல் ஏறியிருக்கிறது என்பது அவருடைய கணிப்பு.

இரண்டாவது சிக்கல் லயனலின் வாய். முதலில் ஒரு மான், அவருடைய சீஸ் ரொட்டியைத் தின்றுவிட்டு ஓரத்தை மட்டும் ஒதுக்கி வைத்ததாகச் சொன்னார். அடுத்து ஓர் ஆந்தை, அவர் போட்ட ஆந்தைக் குரலில் இருந்த உச்சரிப்புப் பிழையைத் திருத்தியதாகச் சொன்னார். நம்பமுடியாத செய்தியை மூன்றாம் தடவை கொண்டுவந்து நிரூபிக்க முடியாமல் போகிறவரைச் சங்கத்தை விட்டு நீக்க விதி இருந்தது. நீக்கப்பட்டவர் அந்தக் காட்டில் கூடாரம் அடிக்க முடியாது. சாவி கிடக்கட்டும், காடே போய்விடும். இதெல்லாம் தெரிந்த மனிதர், முகாமுக்கு அடுத்த சனிக்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்று, வளைக்கரடி வரிசையில் நின்றது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

முரியல் தேநீர் அண்டாவின் குழாயை மூடிவிட்டுத் திரும்பினார்.

"வரிசையில நின்னுச்சு," என்றார் முரியல். "சரி. டிக்கெட் வெச்சிருந்துச்சா?"

"டிக்கெட் இல்ல. படுக்கை வெச்சிருந்துச்சு."

"படுக்கை."

"காய்ஞ்ச புல்லு, நீலமணிப் பூவோட இலை, எல்லாத்தையும் சுருட்டி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வந்துச்சு. பார்க்க நம்ம சங்கத்து ஆள் மாதிரியே இருந்துச்சு. தனியா வந்துச்சு. யார்கிட்டயும் பேசல. மேற்கொண்டு என்ன தகுதி வேணும்?"

"லயனல், முதல்ல மான். அப்புறம் ஆந்தை. இப்ப இது. அடுத்த வருஷம் நரி வந்து உங்க கூடாரத்துக்கு முளைக்குச்சி அடிச்சுக் குடுக்குமா?"

"நரிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, முரியல்."

தலைவர் டெனிஸ் மேசையைத் தட்டினார். சற்று முன்புதான் ஒரு துயரமான தீர்மானத்தை நிறைவேற்றியிருந்தார்கள்: 'இவ்வாண்டு முகாமில் ஒரு வளைக்கரடிகூட எவர் கண்ணுக்கும் தென்படாதது குறித்து இச்சங்கம் ஆழ்ந்த கவலை கொள்கிறது, வனவிலங்குகளுக்கு மனிதர்மேல் உள்ள ஆர்வம் குறைந்துவருவதைக் கண்டிக்கிறது.' அந்தத் தீர்மானத்தின் ஈரம் காய்வதற்குள் இப்படி ஒரு செய்தி.

"சாட்சி இருக்கா, லயனல்?" என்றார் டெனிஸ்.

"நான் தனியா இருந்தேனே தலைவரே. தனியா இருந்தவனுக்குச் சாட்சி எங்கேருந்து வரும்?"

"சாட்சி இல்லேன்னா நீங்க சொன்னது நிரூபணம் ஆகல. விதிப்படி நீக்கணும்."

"சாட்சி இருந்துட்டா?"

"இருந்துட்டா நீங்க தனியா இல்லேன்னு ஆகுது. அப்பவும் நீக்கணும். ஆனா மரியாதையோட."

"மரியாதையோடன்னா கேக் உண்டா?" என்று கேட்டார் க்ளைவ்.

"உண்டு."

லயனல் தம்முடைய கோப்பையைப் பார்த்தார். சாட்சிகள் இருந்தார்கள். அந்த மண்டபத்தில் பாதிப் பேர் சாட்சிகள். அதுதான் அவருடைய கஷ்டம்.

நடந்தது இதுதான். முகாமின்போது ஒரு விடியற்காலை, வெளிச்சம் பால் கலக்காத தேநீர் மாதிரி வந்துகொண்டிருந்தபோது, லயனல் கூடாரத்தை விட்டு வெளியே வந்தார். இரவெல்லாம் பெய்த மழை ஓய்ந்து, காட்டுப் பூண்டின் வாசனை காட்டைத் தூக்கிக்கொண்டிருந்தது. ஒரு கையில் பிளாஸ்க், மறு கையில் மடக்கு முக்காலி. வளையை நோக்கி நடந்தார். ஓக் அடிமரத்தில் ஒரு மரம் உட்கார்ந்திருந்தது. அந்த மரம் பைனாகுலர் வைத்திருந்தது. டெனிஸ் ஹாப்வுட்டின் தொப்பியையும் போட்டிருந்தது.

நெதர்கோட்டில் ஒருவர் ஓரிடத்தில் இருந்து, இன்னொருவருக்கும் அந்த இடம் வேண்டும் என்றால், இன்னொருவர் என்ன செய்வார்? பின்னால் போய் நிற்பார். இதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை. பல் முளைப்பது மாதிரி அதுவாக வருகிறது. ஆகவே டெனிஸுக்குப் பின்னால் க்ளைவ் நின்றார். க்ளைவுக்குப் பின்னால், கழுத்தில் சாவியோடு, முரியல் நின்றார். ஒவ்வொருவரும் மற்றவரை மரமாகக் கருதிக்கொண்டு, முழுத் தனிமையில், தம் முறைக்காகக் காத்திருந்தார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வரிசையில் திரும்பிப் பார்ப்பது பின்னால் நிற்பவரைச் சந்தேகிப்பதாகும்.

அவர்கள் நின்றது ஓர் ஒற்றையடித் தடத்தில். அது வளைக்கரடிகளின் தடம். கொள்ளுத் தாத்தா நடந்த வழியை விட்டு ஓரடி விலகி நடப்பது வளைக்கரடிக்குக் கௌரவக் குறைச்சல். மரம் விழுந்தால் ஏறிப் போகும், வேலி போட்டால் அடியில் தோண்டிப் போகும், சுற்றிப் போகாது. இந்தப் பிடிவாதம் காரணமாக அதற்கு ஓட்டுரிமையே கொடுத்திருக்கலாம். மோப்பம் பிடித்து ஓடியிருக்காதா என்றால், முகாமுக்கு வந்ததிலிருந்து குளிக்காத ஏகாந்தர்களுக்கும் காட்டுக்கும் வாசனையில் அப்போது பெரிய வித்தியாசம் இல்லை.

வரிசையின் வால் பக்கத்தில் ஒரு சௌகரியமான இடைவெளி இருந்தது. உண்மையான ஏகாந்தர் ஒருவருக்காகவே இயற்கை ஒதுக்கி வைத்தது போல. லயனல் தமக்கு உகந்த அந்த இடத்தில் நின்றார். அவருக்கு முன்னால் முரியலின் மழைக்கோட்டு. பின்னால் வளைக்கரடி. முகத்தில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைக் கோடு, முன்னங்கால்களுக்கு நடுவே சுருட்டிய புல் படுக்கை. இருபது வருஷத் தாகம் தீர்ந்த அந்தப் பொழுதில், ஒரே ஒரு சின்ன விவரம் மட்டும் லயனலின் நினைவை விட்டு நாகரிகமாக ஒதுங்கி நின்றுகொண்டது. மகத்தான மனிதர்களின் நினைவாற்றல் அப்படித்தான் இருக்கும்.

பிறகு மறுபடி மழை பிடித்தது. டெனிஸ் பெருமூச்சு விட்டு எழுந்தார். மரங்கள் தத்தம் கூடாரங்களுக்குக் கலைந்து போயின.

இதையெல்லாம் மண்டபத்தில் சொல்ல முடியுமா? வாய் திறந்தால் நான்கு பேரின் தனிமையும் போச்சு. டெனிஸ் பிஸ்கட்டை உற்றுப் பார்த்தார். க்ளைவ் தமக்கு வராத இருமலை இருமினார். அவர்கள் இருவரும் வளைக்கரடியைப் பார்க்கவில்லை என்பது உண்மைதான்; முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வளைக்கரடி வருமா என்று. வரிசை இருந்தது மட்டும் அவர்களுக்குத் தெரியும். எனவே இருவரும் 'நடுநிலை' வகித்தார்கள். அவைக்கு மிச்சமிருந்த ஒரே சந்தேகி முரியல்தான்.

"நடக்கவே நடக்காது," என்றார் முரியல். "வளைக்கரடியாவது, வரிசையாவது. ஓட்டுக்கு விடுங்க தலைவரே. நீக்கிட்டு டீ குடிப்போம்."

"கடைசியா ஒண்ணு சொல்லிக்கறேன்," என்றார் லயனல். "காட்டை எடுத்துக்காதீங்க. சாவி வேணாம். ஒரு ஓரமா கூடாரம் போட்டுக்கறேன். ஆனா அது நின்னுச்சு. பொறுமையா நின்னுச்சு. நம்ம ஊர் ஆளுங்களே அவ்வளவு அழகா நிக்க மாட்டாங்க."

க்ளைவ் மூக்கை உறிஞ்சினார். டெனிஸுக்கும் மனசு இளகியது. கையைத் தூக்கப் போனவர், ஓட்டுக்கு முன்னால் ஆறுதலாக ஏதாவது கேட்கலாம் என்று நினைத்தார். நெதர்கோட்டில் பிறந்த எவனும் வரிசை என்ற பேச்சு வந்தால் கேட்காமல் இருக்க முடியாத கேள்வியைக் கேட்டார்.

"முதல்ல வந்தது யாரு, லயனல்?"

"நான்தான். நான் வந்து நின்னேன். அப்புறம் அது வந்து, எனக்குப் பின்னால நின்னுச்சு."

முரியலின் கோப்பை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. மான் ரொட்டி தின்றதை அவர் பொறுத்துக்கொண்டவர். ஆந்தை இலக்கணம் திருத்தியதையும் பொறுத்துக்கொண்டவர். கோப்பையைக் கீழே வைத்தார். கழுத்துச் சாவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவ்வளவு வருஷமாகத் தொங்கிய சாவி. கழுத்தில் அதன் தடம்கூடத் தெரிந்தது.

"தலைவரே, அன்னிக்கு நான் தனியா இல்ல. எனக்கு முன்னால க்ளைவ் இருந்தார். அவருக்கு முன்னால நீங்க."

"முரியல்," என்றார் க்ளைவ் பரிதாபமாக, "நான் மரம்."

"மரம் பெப்பர்மின்ட் சப்பாது, க்ளைவ்." முரியல் எழுந்து நின்றார். "வளைக்கரடி வந்துச்சு. படுக்கையை இழுத்துக்கிட்டுப் பின்பக்கமா நடந்து வந்து என் குதிகால்ல இடிச்சுச்சு. நான் சாரி சொன்னேன். சொல்லிட்டு, எனக்கே வெக்கமா இருக்கு, திரும்பிப் பார்த்துட்டேன்."

மண்டபத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

"அது நம்மளப் பார்க்க வரல. வீட்டுக்குப் போக வந்துச்சு. குட்டிங்களுக்குப் படுக்கை எடுத்துக்கிட்டு. நாம எல்லாரும் அதோட வாசலை மறிச்சுக்கிட்டு, அதைக் காணோமேன்னு காத்துக்கிட்டு இருந்தோம். அதுக்குத்தான் இப்ப ஆழ்ந்த கவலைன்னு தீர்மானம் வேற போட்டோம்."

டெனிஸ் தீர்மானத் தாளைப் பிஸ்கட் தட்டுக்கு அடியில் நகர்த்தினார். லயனலின் முகம் விளக்கு மாதிரி எரிந்தது.

"பார்த்தீங்களா? நான் சொன்னேன்ல? வரிசையில நின்னுச்சு."

"நின்னுச்சு," என்றார் முரியல். "ஆனா எனக்குப் பின்னால நின்னுச்சு, லயனல். நீங்க அதுக்கப்புறம் வந்தீங்க. முக்காலியோட. அதை நேருக்கு நேரா பார்த்து, 'மன்னிக்கணும்'னு சொல்லிட்டு, நடுவுல புகுந்தீங்க."

பொய்க்கு மன்னிப்பு உண்டு, தனிமைக் குறைவுக்குக் கேக்கே உண்டு. இதற்கு அந்த ஊரில் ஒன்றுமே கிடையாது. லயனலுக்கு இடமும் வலமும் இருந்தவர்கள் நாற்காலிகளைச் சத்தமில்லாமல் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவர் உண்மையிலேயே தனியாக உட்கார்ந்திருந்தார்.

"அது ஒண்ணும் சொல்லலையே," என்றார் மெல்ல.

"எப்படிச் சொல்லும்? நல்லபடியா வளர்ந்த பிராணி. தொண்டையை மட்டும் ஒரு தடவை செருமிச்சு, என் காதால கேட்டேன். நடந்தது, தலைவரே. அத்தனையும் நடந்தது."