நாலு மணிக்குள் கதகதப்பு

பத்து நிமிடம் ஓடிவிட்டு, நிலவறையில் இருந்த, வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ் மறுபடியும் நின்றது.

ஆர்னி நீமி சுவரிலிருந்த தெர்மோஸ்டாட்டைப் பார்த்தார். அறுபத்து நாலு டிகிரி ஃபாரன்ஹீட். காலையில் அறுபத்தெட்டு. வெளியே ஏரி கரைவரை உறைந்து கிடந்தது.

தொலைபேசி அடித்தது. மகள் சில்வி.

"அப்பா, நாலு மணிக்கு வர்றேன். வீடு கதகதப்பா இருக்குல்ல?"

"ஏன் கேக்குற?"

"சும்மாதான்."

சில்வி எதையும் சும்மா கேட்பவளில்லை. போன நன்றி நாள் விருந்துக்கு வந்தவள், முதியோர் குடியிருப்பின் விளம்பரத் தாள் ஒன்றை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். வீடு சில்லிட்டிருந்தால், அப்பாவால் தனியாகச் சமாளிக்க முடியாது என்று முடிவு கட்டிவிடுவாள். முப்பத்தெட்டு வருட வீடு.

'முதலில் காற்று வடிகட்டியைப் பார்' என்றது ஃபர்னஸின் கையேடு. உருவிப் பார்த்தார். தூசி படிந்து கம்பளியாகியிருந்தது. கடைக்குப் போய் இருப்பதிலேயே தடிமனானதை வாங்கி வந்து செருகினார். மகரந்தம்கூட நுழையாதாம். காற்றும் நுழையவில்லை. ஐந்தே நிமிடத்தில் ஃபர்னஸ் மூச்சு முட்டி நின்றது.

சூடு வீணாகிறது என்று நினைத்தார். ஆளில்லாத மூன்று அறைகளிலும் சூடான காற்று வரும் தரைத் துவாரங்களை மூடினார். இந்த முறை மூன்று நிமிடம்.

அறுபது.

மிச்சமிருந்தது அவருடைய அப்பாவின் வழி. வடக்குச் சுவர் நெடுக, ஜன்னல் மட்டத்துக்குப் பனியை வாரி அணைத்துக் கட்டினார். ஊசிக்காற்றுகூடப் புகாது. வியர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். இப்போது ஃபர்னஸ் பற்றவே இல்லை.

மானத்தை விட்டுப் பழுது பார்ப்பவளை அழைத்தார். பெட்டினா நிலவறைக்கு இறங்கவில்லை. வீட்டைச் சுற்றி வந்தாள்.

"பெரியவரே, இங்க ரெண்டு வெள்ளைக் குழாய் இருக்கணுமே?"

"பனிக்குள்ள இருக்கு."

"தானா விழுந்த பனியா?"

"நான் கட்டினது."

"அழகாத்தான் கட்டியிருக்கீங்க. ஃபர்னஸுக்கு அதுதான் மூக்கு. யார் சொல்லிக் குடுத்தது?"

"எங்கப்பா."

"அவர் வீட்ல என்ன எரிஞ்சுது?"

"விறகு."

"அதுக்கு மூக்கு கூரை மேல இருந்துது."

பனியைத் தோண்டினாள். துவாரங்களைத் திறந்தாள். புது வடிகட்டியை வெளிச்சத்தில் பிடித்து, "இதுக்குள்ள ஒரு கொசு பெருமூச்சு விட முடியுமா?" என்று கேட்டுவிட்டு மெல்லியதைச் செருகினாள். நீலச்சுடர் பற்றியது. தரையிலிருந்து வெதுவெதுப்பான காற்று ஏறியது.

"என் பொண்ணுகிட்ட சொல்லிடாதம்மா."

"நான் ஏன் சொல்றேன்?"

நாலடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அறுபத்தாறு. வாசலில் சில்வியின் கார் வந்து நின்றது. பின்னிருக்கையில் கூரை முட்டப் பெட்டிகள். அவள் இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"பெட்டியோட வந்துட்டா," என்றார் ஆர்னி. "என்னை மூட்டை கட்டி முதியோர் குடியிருப்புக்கு ஏத்தத்தான். சொல்ல வாய் வரல, உக்காந்திருக்கா."

பெட்டினா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

"அட, அவங்களா உங்க பொண்ணு? காலைல அவங்க வீட்டு ஃபர்னஸ் விரிசல் விட்டிருக்குன்னு கேஸை மூடினதே நான்தான். புதுசு வர பத்து நாளாகும், 'எங்கப்பா என்னைச் சேத்துக்குவாரா'ன்னு என்கிட்டயே மூணு தடவை கேட்டாங்க."