நைஜீரியா ஐயாவின் ராஜாக்கள்

ராஜாக்களின் குடும்பத் தொல்லைகளை நினைத்து நைஜீரியா ஐயாவைப் போல் மனம் நொந்துபோன மனிதர் மலைநாட்டில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. அந்த ராஜாக்களில் ஒருவர்கூட நம் பக்கத்து ராஜா இல்லை என்பதுதான் விசேஷம்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள். திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் ஆபீஸ் கிளாக்கர், அவர் டீமேக்கர். தேயிலை செய்யத் தெரிந்த ஆள் வேண்டுமென்று நைஜீரியாவின் மலைத்தோட்டம் ஒன்றிலிருந்து கேட்டிருந்தார்கள். இவர் போய் மூன்று வருடம் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார். வெளிநாடு போய் வருகிறவர்கள் கம்பளி கொண்டு வருவார்கள், சென்ட் போத்தல் கொண்டு வருவார்கள். இவர் ஒரு சூட்கேஸ் நிறைய வீசீடி கொண்டு வந்தார். எல்லாம் அந்த நாட்டு ராஜா ராணிப் படங்கள். சூட்கேஸைத் திறந்து காட்டியபோது பெரிய கிளாக்கர், அடியில் வேறு ஏதாவது இருக்கும் என்று கையை விட்டுத் துழாவினார். அடியிலும் ராஜாதான் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்கு ஸ்டாஃப் கிளப்பில் படம். போகாமலும் இருக்க முடியாது. போகாதவனுக்குத் திங்கட்கிழமை ஆபீஸில் வந்து கதையை முழுசாகச் சொல்வார். அது படத்தைவிட நீளம்.

முதல் படத்தில் ராஜா அரண்மனை வாசலிலிருந்து சிம்மாசனம் வரை நடப்பதற்கே ஒரு பிளேன்டீ குடித்து முடித்துவிட்டோம். அவர் உட்கார்ந்த நொடியில் ஐயா படத்தை நிறுத்தினார்.

“தம்பி, ராஜா கையைப் பாருங்க. என்ன தெரியுது?”

“வாட்ச்சுங்க ஐயா.”

“வெள்ளைக்காரன் கால் வைக்கிறதுக்கு முந்தின கதை இது. வாட்ச் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கான் பாவி!” என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

அந்த வேதனை ஒருநாளும் தீரவில்லை. சிம்மாசனத்துக்குப் பின்னால் சுவரில் கரண்ட் சுவிட்ச் இருக்கும். எந்த ராஜாவாக இருந்தாலும் அரண்மனை அதே அரண்மனை. எந்தக் கதவுக்குப் பின்னால் இளைய ராணி ஒளிந்து கேட்பாள் என்பது எங்களுக்குப் பாடமாகிவிட்டது. முக்கியமான பேச்சு வருகிற நேரம் பார்த்து மத்தளம் எழும்பி அதை மூடிவிடும். ஒரு கதை நாலு பாகம் ஓடும். கடைசியில் இளைய ராணியின் தலையில் இடி விழும், படம் முடிந்துவிடும்.

“நாலு பாகம் ஓட்டத் தெரியுது, ஒரு முடிவு வைக்கத் தெரியலையா? ஆ ஊன்னா இடியைக் கூப்பிட்டுர்றானுங்க!” என்று கண் கலங்குவார்.

“அப்ப எதுக்குங்க ஐயா இதைப் பாக்கணும்?” என்று ஒருமுறை பெரிய கிளாக்கர் கேட்டுவிட்டார். நைஜீரியா ஐயாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

“அந்தச் சபையைப் பாத்தீங்களா? ஒவ்வொரு பெரிசும் எழும்பிப் பேசுது. முடிக்கிற வரைக்கும் ராஜா வாயத் தொறக்கல. நம்ம படத்து ராஜா தொண்டை கிழியக் கத்துவான். இவரு சும்மா இருமினாலும் ராஜாவா இருக்காரு. அந்தச் சேலையும் மணியும் பாருங்க. தண்ணி தூக்குற பிள்ளைக்குக்கூட ஒரு ஆத்தா இருக்கா, அவளுக்குன்னு ஒரு கஷ்டம் இருக்கு. நீங்க வாட்ச்ச மட்டும் பாருங்க!”

வாட்ச்சை எங்களுக்குக் காட்டிக்கொடுத்ததே அவர்தான் என்பதை யார் அவரிடம் சொல்வது?

வீசீடி உறையில் இருந்த விலாசத்துக்கு என்னை வைத்து இங்கிலீஷில் கடிதம் அடித்தார். ‘அடுத்த படத்திலாவது மன்னரின் வாட்ச்சைத் தயவுசெய்து கழற்றவும். இடியைக் குறைக்கவும்.’ மூன்று கடிதம் போயிற்று. தபால் வரும் ஒவ்வொரு நாளும் தேயிலை ஸ்டோரிலிருந்து ஆபீஸுக்கு இறங்கி வந்து, ஒன்றும் இல்லை என்று கேட்டுக்கொண்டு மேலே ஏறிப் போவார். ஒருநாள் தேயிலை அரைக்கும் உருளை வீட்டு ஆட்களுக்கு இளவரசன் கதையைச் சொல்லிக்கொண்டே நின்றதில் கொழுந்து அளவுக்கு மேல் புளித்துவிட்டது. தோட்டத்துத் துரை கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். வெளியே வந்தவர் என்னிடம், “அந்த இளவரசனுக்காக இன்னைக்கு நானும் பேச்சு வாங்கிட்டேன் தம்பி” என்றார், ஏதோ யுத்தத்தில் காயம்பட்டவர் போல.

கொஞ்ச நாளில் ஸ்டாஃப்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். அந்த இடத்தில் தொழிலாளர் லயத்துப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். பாதி இங்கிலீஷும் பாதி அந்த ஊர்ப் பேச்சுமாக ஓடும் படத்துக்கு ஐயா பக்கத்தில் நின்று தமிழில் குரல் கொடுத்தார். மூத்த ராணியும் இளைய ராணியும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் சண்டை பிடிப்பவர்களாகவே ஆகிவிட்டார்கள். கொழுந்தெடுக்கும் மாரியாயி ஒருநாள் எழும்பிக் கேட்டாள்: “ஏங்க ஐயா, இந்த ராணிக்கு வேற வேலையே இல்லீங்களா? நாலு நாள் கூடையை மாட்டி மலைக்கு அனுப்புனா சூழ்ச்சியெல்லாம் மறந்துரும்.”

இப்படி ஊரையே பேசிக் களைக்க வைத்த மனிதரோடு பேசாத ஒரே ஆள், அவருடைய மகள் கோமதி.

கோமதி தோட்டப் பாடசாலையில் டீச்சர். இருவரும் ஒரே குவாட்டர்ஸில்தான் இருந்தார்கள். சமைப்பாள், துணி துவைத்துப் போடுவாள், அப்பாவின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். அடுத்த வீட்டில் நான் இருந்தது இருவருக்கும் வசதியாகப் போயிற்று. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “அண்ணே, சோறு வெச்சிருக்குன்னு சொல்லுங்க” என்பாள். அவர் அவளுக்கு இரண்டடி தள்ளித்தான் நிற்பார். நான் சொல்வேன். “தலைவலி மாத்திரை எங்க இருக்குன்னு கேளுங்க தம்பி” என்பார். நான் கேட்பேன். சிரிப்பாக வரும். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால் சிரிப்பு வராது.

அவர் நைஜீரியாவில் இருந்த இரண்டாம் வருடம் அவருடைய மனைவி சிவகாமி அம்மா காய்ச்சலில் இறந்துபோனார். தந்தி அனுப்பினார்கள். அவர் வரவில்லை. முப்பத்தோராம் நாள் காரியத்துக்கும் வரவில்லை. கோமதியே தனியாக நின்று எல்லாவற்றையும் செய்து முடித்தாள். ஒரு வருடம் கழித்துத்தான் அவர் சூட்கேஸோடு வந்து இறங்கினார். அழவும் இல்லை. கல்லு மனசு என்றுதான் தோட்டம் முழுக்கப் பேச்சு.

மழைக்கால ஞாயிறு ஒன்றில் அவர் போட்ட படத்தில் ராணி செத்துப்போனாள். ராஜா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினார். அழுகையை அவர்கள் வெட்டவில்லை. பாட்டுக்குத் தாவவில்லை. மத்தளம்கூட நின்றுவிட்டது. கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மூக்கொழுக, அவலட்சணமாக, அந்த மனிதர் அழுதுகொண்டே இருந்தார். எந்த நீளத்தைச் சொல்லி இத்தனை நாள் ஐயா தலையில் அடித்துக்கொண்டாரோ அதே நீளம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தோம், ஐயாவின் குரல் வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தோள் மட்டும் குலுங்கியது.

மாரியாயிதான் முதலில் எழும்பினாள். சிவகாமி அம்மா பிள்ளைமடுவத்தில் இருந்தவர். இந்தப் பெண்கள் மலைக்குப் போனால் கைக்குழந்தைகள் எல்லாம் அவர் மடியில்தான். “எங்க பிள்ளைகளத் தூக்குன தாயே, ஒன் வீட்டுக்காரர் வந்துட்டாரு பாரும்மா” என்று மாரியாயி மாரில் அடித்துக்கொண்டு தொடங்க, மற்றப் பெண்கள் தோளோடு தோள் சேர்ந்து ஒப்பாரி வைத்தார்கள். டீவியில் ராஜா அழுதார். கிளப்பில் எல்லாரும் அழுதார்கள். நானும்தான்.

சத்தம் கேட்டு, அப்பாவுக்கு என்னவோ ஏதோ என்று கோமதி ஓடி வந்தாள். மழையில் நனைந்து வாசலில் நின்றாள். பிறகு நேரே அவர் முன்னால் போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“ஏன் வரல?”

“தந்தி கைக்கு வர்றப்ப பதினோரு நாளாயிருச்சும்மா.”

“முப்பத்தொண்ணுக்கு வந்திருக்கலாமே.”

அவர் சுவரைப் பிடித்த கையை எடுத்தார். “வந்திருக்கலாம். லீவும் குடுத்தாங்க. ஒம் மொகத்தப் பாக்கப் பயந்துக்கிட்டு வராம இருந்துட்டேன். அங்க அந்த ரூமுல ஒக்காந்து இந்தப் படத்தையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன்.”

“அந்தப் பயம் எனக்கும் இருந்துச்சுப்பா. நான் எங்க போறது?” என்றாள்.

முகத்தில் வழிந்த மழைத்தண்ணீரைத் துடைத்துக்கொண்டாள்.

“என்னால மன்னிக்க முடியல” என்றாள் கோமதி. “ஆனா இனிமே பேசுறேன். வீட்டுக்கு வாங்க.”

அவள் சொன்னபடியே செய்தாள். பேசினாள், மன்னிக்கவில்லை. கல்யாணமாகி வலப்பனைக்குப் போனபோது அவரையும் கூட்டிக்கொண்டு போனாள். நான் போய்ப் பார்த்த அன்று குழம்பில் உப்புக் கூடிப்போச்சு என்று அப்பாவும் மகளும் வாய் ஓயாமல் சண்டை பிடித்தார்கள். நடுவில் என் உதவி யாருக்கும் தேவைப்படவில்லை. அவள் கண்ணில் அந்தப் பழைய கோபம் மட்டும் அப்படியே இருந்தது. அவருக்கும் அது தெரிந்திருந்தது. சாகும்வரை அதைக் கரைக்க அவரால் முடியவில்லை.

அவர் இறப்பதற்கு முந்தின வருடம் டயகமவில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெரியவர் யாரையாவது கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். என் அப்பா இல்லை. ஹட்டனில் மாமாமார் இரண்டு பேர் இருந்தார்கள். நான் ஐயாவைக் கூட்டி வர வலப்பனைக்குப் பஸ் ஏறினேன். பெண் வீட்டில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, “மாப்பிள்ளைக்கு நீங்க என்ன முறை வேணுங்க?” என்று அவரைக் கேட்டார்கள்.

அவர் தடுமாறிப்போய் என்னைப் பார்த்தார்.

“பெரியப்பாங்க” என்றேன் நான்.