எம்.எக்ஸ். அண்ணையின் சிங்கள விளக்கம்

கொழும்பு முழுக்கத் தேடினாலும் எம்.எக்ஸ். அண்ணையைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைப் பார்க்க முடியாது. வெள்ளவத்தையில் எங்கள் அலுவலக வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வேகம் குறைத்தால் போதும், மனுசன் பேனை தேடுகிற சாட்டில் மேசைக்குக் கீழே போய்விடுவார். யுத்த காலத்தில் எல்லாருக்கும் பயம்தான். ஆனால் இவர் கொம்ப்யூட்டருக்கும் பயந்தார்.

எங்களிடம் இருந்த ஒரே சேர்வர் ஆறு கொம்பனிகளின் மெயிலைச் சுமந்தது. எந்த டொமைனுக்கு வரும் மெயில் எந்த சேர்வருக்குப் போகவேண்டும் என்று சொல்லும் எம்.எக்ஸ். பதிவை எழுதுவது அண்ணையின் வேலை, அதனால்தான் அந்தப் பெயர். ஒருமுறை சேர்வர் பெயரின் முடிவில் ஒரு புள்ளி வைக்க மறந்தார். ஒரு கொம்பனிக்கு இரண்டு நாள் மெயிலே இல்லை. அண்ணை அரை நாள் கக்கூசை விட்டு வெளியே வரவில்லை. அதன் பிறகு எதை மாற்றினாலும் தனக்குத்தானே "நான் இருக்கிறன்" என்று ஒரு மெயில் அனுப்பி, அது வந்து சேரும்வரை பச்சைத்தண்ணியும் குடிக்கமாட்டார்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று கிழமை. கொழும்பில் தங்க வரும் தமிழர் எடுக்கவேண்டிய பொலிஸ் பதிவு இன்னும் கிடைக்கவில்லை. அது இல்லாமல் பிடிபட்டவர்களை எங்கே கொண்டுபோவார்கள் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கவே பயம். விஷயம் அண்ணைக்கு மட்டும் தெரியும்.

ஒரு நாள் மத்தியானம் பொலிஸ் உள்ளே வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு மேசையாக அடையாள அட்டையும் பதிவும் பார்த்துக்கொண்டு வந்தார். அண்ணையின் அட்டையும் பதிவுத் துண்டும் சரியாக இருந்தன. அடுத்தது நான்.

அப்போதுதான் அண்ணை எழும்பி, டொமைன் பெயர்களும் சேர்வர் எண்களும் நிறைந்த ஒரு தாளை இன்ஸ்பெக்டரிடம் தானாகவே நீட்டினார். இன்ஸ்பெக்டரின் முகம் மாறியது. இது என்ன பட்டியல், ஆறு கொம்பனிக்கும் ஏன் ஒரே பெயர் என்று அதட்டினார். மனுசன் தொலைந்தார் என்றே நினைத்தேன். அண்ணை சிங்களத்தில் தொடங்கினார். பெயரைக் கேட்டால் எண் வரவேண்டும், அந்த எண்ணைக் கேட்டால் அதே பெயர் வரவேண்டும், இல்லாவிட்டால் வெளியூர் சேர்வர்கள் எங்களை நம்பாது என்று, ஐயா என்பதற்கு வசனத்துக்கு வசனம் ‘மாத்தயா’ போட்டு விளக்கினார். முதலாவது டொமைன் முடிந்து இரண்டாவது, பிறகு மூன்றாவது. நாலாவதில் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். ஆறாவது தொடங்கியதும் போதும் என்று கையைக் காட்டிவிட்டு, என் மேசைக்கு வராமலே ஆட்களையும் கூட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அண்ணை கதிரையில் பொத்தென்று விழுந்தார். சேர்ட் முழுக்க நனைந்திருந்தது. உங்களுடைய எல்லாம் சரிதானே, ஏன் வலியப்போய் மாட்டினீர்கள் என்று கேட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நாளைக்குப் பொலிசுக்கு நானும் வாறன், உன்ர பதிவை எடுப்பம்," என்றார். "இன்னொருக்கா வந்தாங்களெண்டால் சொல்ல என்னட்ட ஏழாவது டொமைன் இல்லை."