இல்லையென்று எழுதத் தெரியாத நொத்தாரிசு அண்ணை

எழுபதுகளில் ரொறன்ரோவில் இருந்த தமிழர் முழுப்பேருக்கும் ஃபோம் நிரப்பியவர் நொத்தாரிசு அண்ணைதான். அதில் பாதி திரும்பி வந்ததற்கும் அவரே காரணம். யாழ்ப்பாணத்தில் காணிப் பத்திரம் பதிகிற ஒரு நொத்தாரிசின் கந்தோரில் உறுதி எழுதியவர், அதனால் வந்த பெயர். இங்கே றெஸ்ரோரன்ரில் கோப்பை கழுவினார். அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ஒரு மாரிக் குளிரில் என் கணவருக்கு ஃபக்டரி வேலை போய்விட்டது. ஏழு வயது மகள் பாமா பள்ளிக்கூடத்துக்கு வெறும் பாண் ரொட்டி கொண்டுபோனாள். பிறகு மற்றப் பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று அதையும் விட்டுவிட்டாள். வசதியில்லாத பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு இலவசம் என்று ரீச்சர் ஒரு ஃபோம் கொடுத்துவிட்டார். நான் அதைத் தூக்கிக்கொண்டு அண்ணையிடம் ஓடினேன்.

"விடு தங்கச்சி, நான் எழுதிறன்."

எழுதினாரே மனிதர், கோதாரி! விலாசத்துக்கு நேரே, கிழக்கே போர்த்துக்கீசர் வீடு, வடக்கே லோண்டரி என்று நான்கு எல்லையும் போட்டார். சொத்து என்ற இடத்தில் ஊரிலுள்ள என் சீதனக் காணி, பதினொரு பனை, பங்குக் கிணற்றில் தண்ணீர் அள்ளும் உரிமை. இரண்டு கிழமையில் பதில் வந்தது: காணி பூமி உள்ள குடும்பம், உதவி தேவையில்லை.

"அண்ணை, இல்லாததைக் கேக்க, இருக்கிறதை ஏன் எழுதினனீங்கள்?"

"உறுதியிலை ஆரும் இல்லையெண்டு எழுதுவினமே? தலைமுறைக்கும் நிக்கிற கடதாசி!"

எனக்குத் தலை சுற்றியது. இந்த நாட்டில் இல்லையென்று காட்டினால்தான் சோறாம். காட்டத் தெரிந்த ஆளோ எங்களிடம் இல்லை.

இரண்டாம் ஃபோமில், குடும்பத்தில் எத்தனை பேர் என்பதற்குப் பதினாலு என்று போட்டார். நாங்கள் மூன்று பேர். மிச்சம் ஊரிலிருந்த மாமன், மச்சாள், பெரியம்மா வகையறா. "சொந்தத்தை விடேலுமே, தங்கச்சி?" பள்ளிக்கூடத்துச் செக்கிரட்டரி அம்மா என்னைக் கூப்பிட்டு, ஓர் அறைக்குள் பதினாலு பேர் எப்படிப் படுக்கிறீர்கள் என்று கையால் காட்டிக் கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் யெஸ், நோ. இரண்டையும் சொன்னேன். அந்த ஃபோமும் திரும்பி வந்தது.

அடுத்த கிழமை பாமா வகுப்பில் மயங்கி விழுந்தாள். நான் அண்ணையின் வாசலில் நின்று கத்திவிட்டேன். "உங்கடை எல்லையும் வேண்டாம், பனையும் வேண்டாம்! பிள்ளை பசியிலை விழுந்திட்டாள்!"

அவர் பேனையை எடுத்தார். மூன்றாம் ஃபோமை எனக்கு முதுகு காட்டி இருந்து எழுதினார். "கையெழுத்துப் போடு தங்கச்சி. வாசியாதை."

பாமாவுக்குச் சாப்பாடு கிடைத்தது. ஆனால் அண்ணை எங்களைக் கண்டால் றோட்டைக் கடந்து மற்றப் பக்கம் போனார். என்ன பிழை விட்டோம் என்று நாங்கள் மண்டையைப் போட்டு உடைத்தோம். கத்தியது பிழைதான் என்று எனக்குள் அழுதேன்.

ஒருநாள் செக்கிரட்டரி அம்மா அந்த மூன்றாம் ஃபோமை எடுத்துக் காட்ட, பாமா எனக்குத் தமிழில் வாசித்துச் சொன்னாள். காணி, இல்லை. வருமானம், இல்லை. கீழே அவருடைய முத்து முத்தான எழுத்தில் ஒரு வரி: "இந்தப் பிள்ளைக்குப் பசிக்கிறது."

எங்களை இல்லாதவர்கள் என்று கடதாசியில் எழுதிவிட்ட வெட்கத்தில்தான் அந்த மனிதர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் திரிந்திருக்கிறார். அன்று பின்னேரமே றோட்டில் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"வீட்டுக்கு வாங்கோ அண்ணை, சாப்பிடுவம்."