கையெழுத்துப் போட மாட்டேன்

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். தங்கள் சுகத்தை இந்தத் தடவை விசாரிப்பதாக இல்லை.

விண்கலத்தில் போகிறவர்களின் பட்டியல் போடுவது தங்கள் வேலை, ஒப்புக்கொள்கிறேன். அதில் என் மகள் பெயரை எழுதும்போது தாய்மாமன் பேனாவைக் கீழே வைத்திருக்க வேண்டாமா? அதுவும் எந்தக் கலத்தில்? பதினோரு தடவை மேலே போய்க் கருகி இறங்கிய கலத்தில். ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும் தங்களுக்கு அதன் கோலம் என்ன தெரியும்? ஒவ்வொரு தடவையும் அதன் வயிற்றுக்கடியில் மல்லாந்து படுத்து, வெப்பம் தாங்கும் ஓடுகளைப் பெயர்த்துப் புதிதாக ஒட்டுகிறவன் நான். தண்ணீர் டப்பாவும் காலுறையும் ஏற்றிப் போக நல்ல கலம்தான். என் பொண்ண ஏத்தறதுக்கு அது லாயக்கில்ல.

அதனால்தான் பரிசோதனைத் தாளில் கையெழுத்துப் போட மறுத்தேன். ஓடுகள் சரியில்லை என்றேன். ஃபோர்மேன் எடை கட்டி இழுத்துக் காட்டினார், ஒன்றும் அசையவில்லை. நான் கடப்பாறை எடுத்துவந்து நெம்பினேன், நாற்பத்தொரு ஓடு வந்தது. "பாத்தீங்களா, கையோட வருது"ன்னேன். "கடப்பாறையோட வருதுங்க" என்றார் அவர். ஒட்டியவர் ஓட்டின் முதுகில் தன் அடையாளத்தைக் கிறுக்குவது எங்கள் வழக்கம். எந்தக் கழுதை ஒட்டினது என்று எல்லோர் முன்னாலும் திருப்பிப் பார்த்தேன். நாற்பத்தொன்றிலும் என் அடையாளம். அன்றிலிருந்து பட்டறையில் எனக்குக் கடப்பாறை என்று பெயர்.

வீட்டுக்கு வந்து மகளிடம் போகாதே என்றேன்.

"ஏம்ப்பா, இதுவரைக்கும் அதுல சாமான் மட்டுமா போச்சு? ஆளுங்களும் போனாங்கல்ல? அவங்களுக்குக் கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டீங்க?"

டீ ஆறுவதற்குள் போட்டிருக்கிறேன். அதை எப்படிச் சொல்வது? அப்பாவையே எதுத்துப் பேசறியான்னு கத்திட்டுச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டேன். இரண்டு நாளாக அவள் என்னோடு பேசவில்லை. பயமா இருக்கு மச்சான். எல்லாத்துக்கும் காரணம் நீங்கதான்.

ஆகவே இது கண்டவுடன் அவள் பெயரை அடித்துவிடவும். இல்லையேல் என் கையெழுத்தும் கிடையாது, கலமும் கிளம்பாது. அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். தங்களுக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் தங்கையைக் கட்டிய குற்றத்துக்குத் தங்களை மச்சான் என்று அழைப்பவன்.

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்குள் மூன்று நாள் ஓடிவிட்டது. நாற்பத்தொரு ஓட்டையும் நானே திரும்ப ஒட்டினேன். வேற எவனையும் நம்ப முடியல. கையோடு மீதி ஓடுகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். அவளோடு போகிற மூன்று பேருடைய வீட்டுக்கும் ஃபோன் பண்ணி, ஓடு நான் ஒட்டினதுதான், நிம்மதியா இருங்கன்னு சொல்லிவிட்டேன். கையெழுத்தும் போட்டாயிற்று. பொண்ணும் பேசிவிட்டாள். மேலே எழுதியதைப் படித்ததுமே அவள் பெயரை அடித்திருந்தால், உடனே பட்டியலில் திரும்பச் சேர்க்கவும். இல்லாவிட்டால் கடப்பாறையோடு நேரில் வருவேன்.