மந்தவேகக் கோழிக்கறி

மட்டக்களப்பு வாவிக்கரைப் பெண்கள் தங்கள் வாழ்நாளின் பெரும்பகுதியை அடுப்படியில் கழிக்கிறார்கள் என்ற துயரச் செய்தி ஒருநாள் அரசாங்கத்தின் காதுக்கு எட்டியது. அடுப்படியில் நிற்கிறவர் அபிவிருத்தியில் நிற்க முடியாது அல்லவா? ஆகவே அவர்களை அங்கிருந்து மீட்டெடுக்கும் பொருட்டு ‘சமையல் நேர மீட்பு அலகு’ என ஒன்று தோற்றுவிக்கப்பட்டது. அதன் பணிப்பாளராக நியமிக்கப்பட்ட யோகராசா, கடிதம் கிடைத்த கையோடு ஒரு குளிர்நாட்டுக்குப் பயிற்சிக்குப் பறந்தார். அங்கே ஒரு வீட்டில் காலையில் மின்சாரச் சட்டி ஒன்றுக்குள் இறைச்சியையும் கிழங்கையும் போட்டு மூடிவிட்டு எல்லோரும் வேலைக்குப் போனார்கள். பின்னேரம் வந்து திறந்தார்கள். சாப்பாடு ஆயத்தமாக இருந்தது. யாரும் ஒன்றும் செய்யாமல் நாள் முழுக்கக் கிடக்கிற வேலைகளை யோகராசா தமது உத்தியோக வாழ்க்கையில் நிறையக் கண்டவர். அப்படிக் கிடந்தும் முடிந்துபோகிற வேலையை அன்றுதான் கண்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சட்டியை உலகம் ஸ்லோ குக்கர் என்று அழைக்கிறது. அலகு அதற்கு ‘மந்தவேகச் சமையற் சாதனம்’ என்று பெயர் சூட்டி, முதற்கட்டமாக அரச காரியாலயங்களுக்கு விநியோகித்தது. பொதுமக்களுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கேட்கக்கூடாது. மந்தவேகத்தில் முன்னனுபவம் உள்ளவர்களிடம் கொடுப்பதுதானே முறை?

அப்படி ஒரு சாதனம் கல்குடாப் பக்கத்துக் காரியாலயம் ஒன்றுக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கே நிர்வாக உத்தியோகத்தராக இருந்தவர் நல்லரத்தினம். ஊர் களுவாஞ்சிக்குடி. நல்ல மனிதர், பாவம், நாக்கு மட்டும் கொஞ்சம் நீளம். பேசுவதில் அல்ல, சாப்பாட்டில். விடுதியில் தனியாகக் கிடந்து, எதிரில் இருந்த நளீர் கடைச் சோற்றுப் பார்சலைத் தின்று தின்று, ஞாயிறுகளுக்காக உயிர் வாழ்ந்துகொண்டிருந்தார். ஞாயிறுதான் வீட்டில் மனைவி கண்ணகை கோழிக்கறி வைக்கிற நாள். வெங்காயம் பொன்னிறமாகும் வரை அவசரப்படாமல் வதக்கி, கோழியையும் தூளையும் அதற்குள் பிரட்டி, இறக்குகிற நேரத்தில் தேங்காயின் முதற்பாலை விட்டு, அடுப்பால் இறக்கியபின் தேசிக்காய் பிழிவாள். அந்தக் கறிக்குக் கிட்டப் போய்ச் சேர்வதற்காக அவர் வருடா வருடம் இடமாற்றம் கேட்டார். பொருத்தமான பதிலாள் கிடைக்கும்வரை பரிசீலிக்க முடியாதென வருடா வருடம் பதில் வந்தது.

சாதனத்தோடு ஒரு சுற்றுநிருபமும் வந்திருந்தது. சகல மூலப்பொருட்களும் ஒரே தடவையில் இடப்படல் வேண்டும். அவை மூழ்கும்வரை நீர் சேர்க்கப்படல் வேண்டும். சாதனம் செயற்பாட்டில் உள்ளபோது எக்காரணம் கொண்டும் மூடி திறக்கப்படலாகாது. நல்லரத்தினம் இணைப்பாளராக நியமிக்கப்பட்டார். மறுக்கும் உரிமை அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

முதல் நாள் வாவியில் பிடித்த திரளி மீன் போட்டார்கள். பின்னேரம் திறந்தபோது மீனைக் காணவில்லை. போட்டதற்கு ஆதாரம் இருந்தது, எடுத்ததற்கு இல்லை. களஞ்சியப் பொறுப்பாளரிடம் விளக்கம் கோரப்பட்டது. மீன் கரைந்துவிட்டது என்று அவர் விளக்கினார். அரச சொத்து கரைவதற்கு ஏற்பாடுகள் எதுவும் இல்லை என்று அந்த விளக்கம் நிராகரிக்கப்பட்டது.

அடுத்த தடவை கோழி. அங்குரார்ப்பணத்துக்குப் பணிப்பாளரே வந்தார். கந்தோர் திறக்கையில் மூட்டிய கறி கந்தோர் பூட்டுகிற நேரத்துக்குத்தான் வேகும். ஆகவே மத்தியானம் எல்லோரும் நளீர் கடைப் பார்சலை உண்டு, அந்தத் தெம்போடு பின்னேரம் கறியைச் சுவைக்க ஒன்றுகூடினார்கள். மூடி திறக்கப்பட்டது. மேலே மஞ்சள் தண்ணீர். அதில் கறிவேப்பிலை நீந்தியது. அடியில் கோழி குளித்துக்கொண்டிருந்தது. தூளின் பச்சை வாடை மூக்கில் அடித்தது.

“எப்பிடி இரிக்கு?” என்றார் பணிப்பாளர்.

“அருமை சேர்.”

“ஆரோக்கியமான ருசி சேர்.”

“வெளிநாட்டு ருசி சேர்.”

‘சுவை: மிகவும் திருப்தி’ என்று பதிவாயிற்று. அதன்பிறகு பணிப்பாளர் நல்லரத்தினத்தைத் தூண் மறைவுக்கு அழைத்துப் போனார்.

“நல்லரத்தினம், இதென்ன, கோழி கழுவின தண்ணியா?”

“சேர்தானே இப்ப திருப்தி எண்டு...”

“அது அறிக்கைக்கு. கொழும்பிலருந்து ஆக்கள் வீடியோ எடுக்க வாறாங்க. அவங்களுக்கு மெய்யாவே ருசி வேணும். அதைக் கொண்டு வாங்க. கொண்டு வந்தீங்களெண்டா களுவாஞ்சிக்குடி மாற்றத்துக்கு நானே கதைக்கிறன்.”

 அன்றிரவு முழுக்க நல்லரத்தினத்துக்குக் கோழிக்கறி நினைவாகவே இருந்தது. சாதனத்துக்குள் கிடந்ததல்ல, மற்றது.

அபிவிருத்தி உத்தியோகத்தர் தக்ஷாயினியிடம் யோசனை கேட்டார். பட்டதாரி, மேசையில் வேலை இல்லாத நேரமெல்லாம், அதாவது எல்லா நேரமும், தொலைபேசியில் சமையல் வீடியோ பார்க்கிற பிள்ளை.

“சேர், இது லேசு,” என்றாள் அவள். “வெங்காயம், உள்ளி, தூள், கோழி எல்லாத்தையும் முதல்ல தாச்சியில வடிவா வதக்கிப் போடணும். அந்தச் சட்டி அவிக்கும், வதக்காது. தண்ணி கொஞ்சம் விட்டாக் காணும். ஆவி வெளிய போக வழியில்லையே. மறுகா கடைசியில முதற்பாலும் தேசிக்காய்ப் புளியும். அவ்வளவுதான்.”

நல்லரத்தினம் ஒழுங்குமுறைக்குக் கட்டுப்பட்டவர். பணிப்பாளருக்கே தொலைபேசி எடுத்தார்.

“சேர், கோழியை முதல்ல தாச்சியில வதக்கிப் போடலாமா?”

“தாச்சியா? நாம மக்களை அடுப்படியிலருந்து மீட்க வந்த ஆக்கள். நீங்க திரும்பி அதுக்குள்ளயே போறீங்களா?”

“கொஞ்ச நேரம்தான் சேர்.”

“கொஞ்ச நேரம் மீட்காம விட்டா அதுக்குப் பேர் மீட்பா?”

“அப்ப தண்ணியைக் குறைக்கலாமா? விட்ட தண்ணி விட்டபடியே கிடக்கு சேர்.”

“விட்டது விட்டபடி கிடந்தா வீண்விரயம் இல்லையெண்டுதானே அர்த்தம்? நல்ல விசயம். அறிக்கையில போடுங்க.”

“கடைசியா, பால் விடுறதுக்கு ஒருக்கா மூடியைத் திறக்கலாமா?”

“பால் விடுங்க. மூடியைத் திறக்காதீங்க.”

“அப்ப ருசியைக் கூட்டுறது எப்பிடி சேர்?”

“ருசியைக் கூட்டுறதா?” பணிப்பாளரின் குரல் கடுமையாயிற்று. “ஏற்கெனவே மிகவும் திருப்தி எண்டு போட்டாச்சு. இப்ப கூடினா, முந்தி குறைவாக் கிடந்த எண்டு ஆகாதா? கூட்டாம ருசியாக்குங்க.”

கூட்டாமல் ருசியாக்குவது எப்படி என்று நல்லரத்தினம் யோசித்தார். கடைசியில், தமது நீண்ட சேவைக்காலத்தில் முதன்முறையாக, சுற்றுநிருபத்தை மீறுவது என்று துணிந்தார். வீடியோ எடுக்கிற நாளன்று விடியற்காலையில் விடுதிக் குசினியில் தாச்சியை வைத்தார். வெங்காயம் அவரைக் கண் கலங்க வைத்தது. கருகப் பார்த்தது, நெருப்பைக் குறைத்தார். கண்ணகை எப்படிச் செய்வாள் என்று ஒவ்வொன்றாக நினைத்து நினைத்துக் கிண்டினார். கோழி சிவந்து வந்தபோது அவருக்கு வந்த சந்தோஷம், பதவியுயர்வு கிடைத்தபோதுகூட வரவில்லை. அதைச் சாப்பாட்டுக் கரியருக்குள் போட்டு, அலுவலகக் கோவைகளுக்கு அடியில் ஒளித்துக் கந்தோருக்குக் கொண்டுபோய், கொஞ்சத் தண்ணீரோடு சாதனத்துக்குள் போட்டு மூடினார்.

மிஞ்சியது மூடிப் பிரச்சினை. அதைத் தக்ஷாயினி தீர்த்தாள்.

“செயற்பாட்டில உள்ளபோதுதானே சேர் திறக்கக்கூடாது? பிளக்கைக் கழட்டிட்டா அது வெறும் சட்டி.”

சட்டப்படி சரியாகவே இருந்தது. பிளக்கைக் கழற்றினார்கள், மூடியைத் திறந்தார்கள், முதற்பால் விட்டார்கள், தேசிக்காய் பிழிந்தார்கள், மூடினார்கள், பிளக்கைக் கொளுவினார்கள்.

வாசனை முதலில் நடைபாதைக்குப் போனது. பிறகு கணக்குப் பகுதிக்கு. ஓய்வூதிய விடயமாக மாதக்கணக்காக அலைந்துகொண்டிருந்த ஒருவர் வந்த விடயத்தை மறந்து வாசலில் நின்றார். நளீர் கடையைப் பூட்டிவிட்டு வந்து யன்னலால் எட்டிப் பார்த்தார். பணிப்பாளர் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தார், கண்ணை மூடினார். திறந்தபோது அவருடைய முகம் கறுத்திருந்தது.

“நல்லரத்தினம், இது நல்லாரிக்கே!”

“ஓம் சேர்.”

“எப்பிடி நல்லாரிக்கும்? மற்றக் கந்தோரிலயும் இதே சாதனம்தான், இதே சுற்றுநிருபம்தான். அங்க ஒரு இடத்திலயும் இப்பிடி நடக்கல்லையே.” வீடியோக்காரருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார். “உண்மையைச் சொல்லுங்க. இந்த ருசி ஆரால வந்த? சாதனத்தாலயா, உங்களாலயா?”

நல்லரத்தினம் வாயைத் திறந்தார். ‘என்னால சேர்’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வெங்காயம் வதக்கிய கை இன்னும் மணத்துக்கொண்டிருந்தது. எத்தனையோ வருடச் சேவையில் அவர் சொந்தக் கையால் செய்து முடித்த ஒரேயொரு நல்ல காரியம் அது.

“யோசிச்சுச் சொல்லுங்க,” என்றார் பணிப்பாளர். “உங்களால எண்டா உங்களை இஞ்சயிருந்து விட ஏலாது. இப்பிடிக் கறி வைக்கிற பதிலாளுக்கு நான் எங்க போற? பென்சன் எடுக்கும் வரைக்கும் நீங்க இஞ்சதான். சாதனத்தால எண்டா, நீங்க இருந்தா என்ன, போனா என்ன? நாளைக்கே விடுறன்.”

நல்லரத்தினம் நாக்கு நுனியில் நின்ற சொல்லை விழுங்கினார்.  கமெராவுக்கு முன்னால் போய் நின்றார்.

“நான் ஒண்டும் செய்யல்ல,” என்றார். “எல்லாத்தையும் ஒண்டாப் போட்டு, மூழ்கத் தண்ணியை விட்டு, மூடிட்டு என்ட வேலையைப் பார்த்தன். ருசியெல்லாம் சாதனம் தந்ததுதான்.”

அரச உத்தியோகத்தர் ஒருவர் ‘நான் ஒன்றும் செய்யவில்லை’ என்று தாமாகவே முன்வந்து ஒப்புக்கொண்டதை ஊர் அதற்குமுன் கண்டதில்லை. அதனாலேயே நம்பியது. வீடியோ கைத்தொலைபேசிக்குக் கைத்தொலைபேசி தாவியது. கோழியை வாயில் வைத்துப் பணிப்பாளர் கண்ணை மூடுகிற இடத்தை மட்டும் வெட்டி, அதற்குப் பாட்டும் போட்டு அனுப்பினார்கள்.

பிறகு என்ன? மட்டக்களப்புக் கடைகளில் ஸ்லோ குக்கருக்கு வரிசை. டோஹாவிலிருந்து வருகிறவர்களிடம் சோப்பும் சொக்லேட்டும் கேட்ட சொந்தக்காரர் இப்போது சட்டி கேட்டார்கள். கலியாணப் பரிசும் அதுவே. ஒரே வீட்டுக்கு நான்கைந்து சேர்ந்தன. அதைக் குசினியில் வைப்பது நாகரிகமல்ல என்பதால் ஹோலில், டிவிக்குப் பக்கத்தில், பின்னல் துணி போர்த்தி வைத்தார்கள். “நாங்க இப்ப ஸ்லோவாத்தான் சமைக்கிற” என்று சொல்வதில் ஒரு மிடுக்கு வந்தது. பெண் பார்க்கப் போன வீட்டில் தாச்சி சத்தம் கேட்டதென்று ஏறாவூர்ப் பக்கம் ஒரு சம்பந்தம் பின்போடப்பட்டதாகவும் கதை. கறி வாயில் வைக்கக் கூடியதாக இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. சொன்னால், மற்றவர்களுக்குப் புரிகிற ருசி தனக்குப் புரியவில்லை என்றல்லவா ஆகிவிடும்?

பணிப்பாளர் சொன்ன ‘நாளைக்கே’ வந்துசேரச் சில மாதங்கள் எடுத்தன. சாதனம் மந்தவேகம், அலகு அதைவிட. அந்த மாதங்களின் சனி, ஞாயிறு எல்லாம் நல்லரத்தினத்தைச் செயல்முறை விளக்கக் கண்காட்சிகளுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். மேடையில் நின்று “நான் ஒண்டும் செய்யல்ல” என்று சொல்லிச் சொல்லி அவருக்கே அது பழகிவிட்டது. வீட்டுப் பக்கம் தலைகாட்டவே முடியவில்லை. போகட்டும், கடைசியில் கடிதம் வந்துவிட்டது. பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். மட்டக்களப்பில் மாறி ஏறினார். கல்லடிப் பாலம் தாண்டுகையில் வாய் ஊறத் தொடங்கியது. வீட்டில் அன்று கோழி என்று கண்ணகை தொலைபேசியில் சொல்லியிருந்தாள்.

வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பியபோது வாசலில் தெருச் சனமே நின்றது. “நம்மட ஸ்லோ குக்கர் ஐயா வாறார்” என்று ஒரு குரல் கேட்டது. நல்லரத்தினம் பெட்டியை மறுகைக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போனார்.

“இஞ்சேருங்க, வாங்க, கையைக் கழுவுங்க,” என்றாள் கண்ணகை. முகமெல்லாம் பூரிப்பு. “நீங்க வீடியோவில சொன்ன மாதிரியே செய்திருக்கன். எல்லாத்தையும் ஒண்டாப் போட்டு, மூழ்கத் தண்ணியை விட்டு, மூடிட்டு, நான் ஒண்டும் செய்யல்ல!”

கோப்பையில் சோறு விழுந்தது. அதன்மேல் மஞ்சள் தண்ணீர் விழுந்தது. நல்லரத்தினம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“கண்ணகை, நம்மட பழைய தாச்சி...?”

“இனி என்னத்துக்கு? மண்சட்டி, தாச்சி எல்லாம் கோயில் அன்னதானத்துக்குக் குடுத்திட்டன்.” பக்கத்தில் குந்தி, குரலைத் தாழ்த்தினாள். “உங்களிட்டச் சொன்னா என்ன, எனக்கு முதல்ல வாயில வைக்க ஏலாமக் கிடந்த. எறிஞ்சிடுவமா எண்டும் நினைச்சன். மறுகா யோசிச்சன். நீங்க இவ்வளவு ருசி தெரிஞ்ச ஆள், நீங்களே சொல்லியிருக்கீங்க. பிழை என்ட நாக்கிலதானே? இப்ப பழகிட்டன்.”

 பிழை உன் நாக்கில் இல்லையடி என்று நல்லரத்தினத்துக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. வாசலைப் பார்த்தார். அங்கே நின்றவர்கள் எல்லோரும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு சட்டி, ஒவ்வொருவரும் இவருடைய சொல்லை நம்பி வாங்கியது. ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தார். மென்றார். விழுங்கினார்.

“நல்லாரிக்கு,” என்றார்.

“நல்லாரிக்காம்!” என்று வாசலில் நின்ற அயல்வீட்டு இராசாத்தி மதிலுக்கு அங்கால் குரல் கொடுத்தாள். அங்கிருந்து அடுத்த வீட்டுக்கும், அதற்கடுத்த வீட்டுக்குமாக அந்தச் சொல் ஒழுங்கை வழியே போனது. அது போய்ச்சேர்ந்த வீட்டிலெல்லாம், சோற்றைப் பிசைந்தபடி யோசித்துக்கொண்டிருந்தவர்கள் இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார்கள்.