நேற்றுப் பனிக்காரர்

பனிச்சறுக்குக்காரர்களில் பல வகை உண்டு. விழுந்து விழுந்து எழுகிறவர்கள் ஒரு வகை. விழாமலே அலட்டிக்கொள்கிறவர்கள் இன்னொரு வகை. சறுக்கவே சறுக்காமல், புது உடுப்போடு காபிக்கடை வாசலில் நின்று நாலு படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறவர்களும் உண்டு. இவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. நான் சொல்ல வந்தது வேறொரு பிராணியைப் பற்றி. அதற்கு நேற்றுப் பனிக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

இதைத் தேடிக் காட்டுக்கெல்லாம் போக வேண்டாம். ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை ஒன்றில் (எங்கள் பக்கத்தில் அதுதான் நடுக்குளிர்காலம்) சாந்தியாகோ நகரத்திலிருந்து தியூக்கா மலைக்கு ஏறி, சறுக்குகிறவர்களை உச்சிக்குத் தூக்கிக்கொண்டு போகும் தொங்கு நாற்காலிக்கு நிற்கும் வரிசையில் நீங்களும் போய் நில்லுங்கள், போதும். ஐந்து நிமிஷத்துக்குள் பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு வரும். திரும்பிப் பார்க்காதீர்கள். பார்த்துவிட்டீர்களா? போச்சு.

“நேத்து வந்திருக்கணும் சார் நீங்க! பனியா அது? பஞ்சு! பஞ்சுன்னா பஞ்சு! ஆளே கிடையாது. இன்னிக்கு? ஹூம்.”

நேற்று இவர் மலையில் இருந்தாரா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நேற்று வெள்ளிக்கிழமை. நேற்று இவர் தம்முடைய கிளினிக்கில் யாரோ ஒருவருடைய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

ஆம், என் கைவசம் உள்ள முதல்தரமான மாதிரி ஒரு பல் டாக்டர். பெயர் எவரிஸ்தோ லாரேனாஸ், வயது அறுபத்தொன்று, ஆறடி உயரம், மூக்கு மட்டும் வெயிலில் நிரந்தரமாக உரிந்த நிலை. நேற்றுப் பனிக்காரருக்குப் பல் வைத்தியத்தைவிடப் பொருத்தமான தொழில் இல்லை. நாற்காலியில் சாய்ந்திருப்பவர் வாயைத் திறந்து வைத்திருப்பார், ஆனால் ஒன்றும் பேச முடியாது. “எண்பத்தேழாம் வருஷத்துப் பனி மாதிரி இனிமே வரவே வராதுங்க” என்று டாக்டர் சொன்னால், நோயாளி “ஆ” என்பார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு டாக்டர் எண்பத்தெட்டாம் வருஷத்துக்குப் போவார். வீட்டில் இந்த வசதி இல்லை. அவர் மனைவி மிரேயாவுக்கு வாய் நன்றாக மூடும், நன்றாகத் திறக்கும். “உங்க பனியை நீங்களே வெச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் மலைக்கு வருவதை விட்டுப் பன்னிரண்டு வருஷமாகிறது.

ஆனால் இந்த ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மட்டும் மற்றச் சனிக்கிழமைகள் மாதிரி இல்லை. அவருடைய ஒரே மகள் லொரேத்தோ வந்திருந்தாள். வடக்கே செம்புச் சுரங்கத்தில் எஞ்சினியராக இருந்தவளுக்கு ஆஸ்திரேலியாவில் மூன்று வருஷ வேலை கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் விமானம். நடுவில் கிடைத்தது இந்த ஒரே ஒரு நாள்.

“அப்பா, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். ஒரே ஒரு தடவை. உச்சியிலேர்ந்து அடி வரைக்கும், நீயும் நானும் மட்டும். அவ்வளவுதான்” என்று தொலைபேசியில் சொல்லியிருந்தாள்.

டாக்டர் அந்த வாரம் முழுக்கத் தரையில் கால் படாமல் திரிந்தார். மகளுடைய பழைய சறுக்குப் பலகைகளைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து, அடியில் மெழுகை உருக்கித் தேய்த்தார். அதற்கு மிரேயாவின் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டதால் அந்த அம்மாளின் வெள்ளைச் சட்டைகள் எல்லாம் இப்போது தண்ணீர் ஒட்டாதவை. ஒரே ஒரு தடவைதானே? அது அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டாமா? அங்கேதான் வந்தது வினை.

எங்கள் மலைப்பாதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முப்பத்தேழு வளைவு, வளைவுக்கு ஒரு நம்பர் பலகை. சனி ஞாயிறுகளில் மதியம் வரை ஏற மட்டும்தான் விடுவார்கள், மூன்று மணிக்கு மேல் இறங்க மட்டும்தான். ஆகவே டாக்டர் ஒரு தந்திரம் செய்தார்: காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவது. இந்தத் தந்திரம் சாந்தியாகோவில் சறுக்குப் பலகை வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தோன்றியிருந்தது. ஏழாவது வளைவிலேயே ஊர் முழுக்க விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றது.

“இவங்கல்லாம் யாரு? எங்கேருந்துதான் கிளம்பி வராங்களோ!” என்றார் டாக்டர்.

“நம்ம மாதிரி வீட்டுலேர்ந்துதான்ப்பா” என்றாள் லொரேத்தோ, வெண்ணெய்ப்பழம் தடவிய ரொட்டியைக் கடித்துக்கொண்டே.

அப்படியும் ஒன்பதே காலுக்கு மேலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இங்கே நீங்கள் கவனிக்க வேண்டும். உச்சிக்குப் போகும் தொங்கு நாற்காலியின் முன்னால் எத்தனை பேர் நின்றார்கள் தெரியுமா? இருபது பேர். முழுசாக இருபதுகூட இல்லை. அதில் நாலு பேர் குடும்பச் சண்டையில் இருந்ததால் அவர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

“அப்பா, ஆளே இல்ல! வா வா வா!”

டாக்டர் அசையவில்லை. வலது கையுறையைக் கழற்றினார். குனிந்து ஒரு சிட்டிகை பனியை எடுத்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். பனிக்கு என்ன வாசனை என்கிறீர்களா? எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. ஆனால் நேற்றுப் பனிக்காரர் இதைச் செய்யாமல் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டார்.

“ம்ஹூம். கண்ணாடி. ராத்திரி இறுகிப்போச்சு. பதினோரு மணிக்கு வெயில் பட்டு இளகும் பாரு, அப்ப போனா வெண்ணெய். நேத்து காத்தால இப்படி இல்ல.”

“நேத்து எப்படி இருந்துச்சுன்னு உனக்கு எப்படிப்பா தெரியும்?”

“அதெல்லாம் தெரியும்.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்த காபியைக் குடித்தார்கள். எதிரே இருபது பேரும் ஏறிப் போனார்கள். சறுக்கி இறங்கி வந்தார்கள். மறுபடி ஏறிப் போனார்கள். ஒருவர் முகத்திலும் கண்ணாடியில் சறுக்கிய வருத்தம் தெரியவில்லை. பதினோரு மணிக்கு டாக்டர் எழுந்தார். பனி இளகியிருந்தது, அவர் சொன்னபடியே. அது இளகட்டும் என்று காத்திருந்த ஐந்நூறு பேரும் அவரோடு சேர்ந்து எழுந்தார்கள்.

வரிசையில் நிற்பது ஒரு கலை. நமக்கெல்லாம் அது வராது, நாம் பாட்டுக்கு முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவோம். டாக்டர் அப்படியா? இடது வரிசையில் நின்றார். வலது வரிசை நகர்ந்தது. வலதுக்குத் தாவினார், மகளையும் இழுத்துக்கொண்டு, இரண்டு பேருடைய பலகைகளை மிதித்து ஒருவரிடம் திட்டும் வாங்கிக்கொண்டு. உடனே இடது வரிசை நகர்ந்தது. நடுவுக்குப் போனார். நடு வரிசை என்பது வரிசையே இல்லை, தனியாக வருகிறவர்களுக்கான வழி என்று அங்கே இருந்த பெண் சொல்லி வெளியே அனுப்பினாள். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, முதலில் நின்ற இடத்துக்குப் பதினெட்டு பேர் பின்னால் நின்றார்.

அந்த நேரம் பார்த்து நாற்காலிகள் நின்றன. மோட்டார் கோளாறு. ஆகாயத்தில் தொங்கியவர்கள் காலை ஆட்டிக்கொண்டு கீழே பார்த்தார்கள். டாக்டரின் முகம் காலையிலிருந்து முதல் தடவையாக மலர்ந்தது.

“நான் சொல்லல?” என்று சுற்றிலும் பார்த்துக் கேட்டார்.

அவர் சொல்லவில்லை. ஆனால் கெட்டது எது நடந்தாலும் நேற்றுப் பனிக்காரர் அதை முன்கூட்டியே சொல்லியிருப்பார், அது விதி.

“இப்ப நின்னா வேலைக்காகாது கண்ணு. ஒன்றரை மணிக்கு எல்லாரும் சாப்பிடப் போவாங்க. அப்ப வந்தா நேரா ஏறிடலாம். இது யாருக்கும் தெரியாது.”

“அப்பா, நாற்காலி மறுபடி ஓட ஆரம்பிச்சுடுச்சுப்பா. நின்னுடலாம்ப்பா.”

“நான் சொல்றதைக் கேளு.”

கேட்டாள். பன்னிரண்டரைக்கே கறி அடைத்துச் சுட்ட எம்பனாடா வாங்கித் தின்றுவிட்டு ஒன்றரைக்கு வந்தார்கள். யாருக்கும் தெரியாத அந்த ரகசியம் தெரிந்தவர்கள் அறுநூறு பேர் அங்கே நின்றார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கெட்டிக்காரர்களாகிவிட்டால் மலை என்னதான் செய்யும், பாவம்?

நகர்ந்து நகர்ந்து, மூன்று மணிக்கு அவர்களுக்கு முன்னால் ஒன்பது பேர்தான் பாக்கி. டாக்டரே எண்ணினார். எண்ணி முடிக்கும்போது காற்று வந்தது. குல்லாயைப் பிடுங்கிக்கொண்டு போகிற காற்று. கம்பத்தில் சிவப்புக் கொடி ஏறியது. உச்சி இன்றைக்கு அவ்வளவுதான், இனி திறக்காது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். வரிசை முழுக்க ஒரே குரலில் வைதது. டாக்டரும் வைவதற்கு வாயைத் திறந்தார், மகளைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

லொரேத்தோ குனிந்து காலணியின் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“சரிப்பா. பரவாயில்ல. வா, காருக்குப் போலாம்.”

கோபித்துக்கொண்டிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். ‘பரவாயில்ல’ என்றாளே, அதுதான் அவரை என்னவோ செய்தது. முப்பது வருஷத்துப் பனியை வருஷவாரியாகச் சொல்லத் தெரிந்த மனிதர், நாளைக்கு இந்நேரம் இந்தப் பெண் எங்கே இருப்பாள் என்பதை நாள் முழுக்க யோசிக்கவில்லை. நான் ஒரு முட்டாள், கடைந்தெடுத்த முட்டாள் என்று தம்மையே திட்டிக்கொண்டார்.

கார் நிறுத்துமிடத்தில் ஒரு மணி நேரம் நின்றதுதான் மிச்சம். ஊர் முழுக்க ஒரே சமயத்தில் இறங்கப் பார்த்ததில் எந்தக் காரும் நகரவில்லை. நாலு இருபதுக்கு டாக்டர் திடீரென்று கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

“அந்த இழுகம்பி இன்னும் ஓடுது.”

அது குழந்தைகள் சறுக்கப் பழகும் சரிவு. மேலே ஓடும் வடத்திலிருந்து நங்கூரம் மாதிரிக் கம்பிகள் தொங்கும். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று அதைப் பின்னால் கொடுத்துக்கொண்டால் மேலே இழுத்துக்கொண்டு போகும்.

“நீதான் அதுல ஏற மாட்டியே! மூக்கு ஒழுகுற பசங்க ஏறுறதுன்னு சொல்வியே!”

“பலகையை எடு. ஓடு!”

சறுக்குக் காலணி போட்டுக்கொண்டு ஓடிய யாரையாவது பார்த்திருக்கிறீர்களா? வாத்துகூட நாகரிகமாக ஓடும். அப்பனும் மகளுமாக அப்படித்தான் ஓடினார்கள். இழுகம்பிக்காரர் செகுந்தோ சங்கிலியைக் கையில் எடுத்துவிட்டார்.

“நாலரைக்கு மூடணும் டாக்டரய்யா. ரெண்டு நிமிஷம்தான் இருக்கு. ஏறுறதுன்னா ஏறுங்க.”

பலகைகளை மாட்டிக்கொண்டார்கள். மாட்டிக்கொண்ட டாக்டர், பழக்கதோஷம், வலது கையுறையைக் கழற்றினார், பனியை எடுக்கக் குனிந்தார்.

லொரேத்தோ அவர் கையில் ஓர் அடி வைத்தாள். “மோந்து பார்த்தே, கொன்னுடுவேன்!”

கம்பி வந்தது. அவருக்கு அது தொடையில் இடித்தது, அவளுக்கு முதுகில் குத்தியது. ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தால்தான் விழாமல் போகலாம், ஆகவே சாய்ந்துகொண்டார்கள். ஆறு நிமிஷம். வழியெல்லாம் கூழ், நடுநடுவே கல், அங்கங்கே மண்ணும் புல்லும் எட்டிப் பார்த்தன. டாக்டர் எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

“ஆஸ்திரேலியாவுல பனி பெய்யுமா?”

“பெய்யுமாம்ப்பா. கொஞ்சம்.”

“நல்லா இருக்குமா?”

“நீயே வந்து பாரேன்.”

அவர் காற்று, காற்று என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு சறுக்கினார்கள். மொத்தம் ஒரு நிமிஷம் இருக்கும். அவள் முன்னால் போனாள், ஐந்து வயதில் செய்த மாதிரியே இடது தோளைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு. அவர் அவள் தடத்திலேயே போனார். நடுவில் ஒரு சின்னப் பையன் குறுக்கே விழுந்தான், இவர் அவனைத் திட்டவில்லை. கல்லில் பலகை கிரீச்சிட்டது, அதையும் திட்டவில்லை. கீழே வந்து நின்றதும் லொரேத்தோ திரும்பி, வருவது வரட்டும் என்று அவர் வாயையே பார்த்தாள்.

“இன்னொரு தடவை போலாமா?” என்றார் டாக்டர்.

“மூடியாச்சு டாக்டரய்யா!” என்று சங்கிலியைப் பூட்டிக்கொண்டே கத்தினார் செகுந்தோ. மகள் சிரித்த சிரிப்பில் அவள் தலையிலிருந்த குல்லாய் விழுந்தது.

அடுத்த சனிக்கிழமை டாக்டர் தனியாக வந்து வரிசையில் நின்றார். ஐந்து நிமிஷம் சும்மா இருந்தார். ஆறாவது நிமிஷம் பெருமூச்சு வந்தது. முன்னால் நின்றவர் விவரம் தெரியாமல் திரும்பிப் பார்த்துவிட்டார்.

“போன சனிக்கிழமை வந்திருக்கணும் சார் நீங்க!”

“ஏன், பனி அவ்வளவு நல்லா இருந்துச்சா?”

“பனியா சார் அது! அந்த மாதிரி என் ஆயுசுல சறுக்கினது இல்ல.”

“அப்படியா! எந்தப் பக்கம் சறுக்கினீங்க?”

டாக்டர் குழந்தைகளின் சரிவை ஒரு பார்வை பார்த்தார். “அதைச் சொல்ல மாட்டேன். சொன்னா எல்லாரும் வந்துடுவாங்க” என்றார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்த மனிதர் வாயிலிருந்து நேற்றைப் பற்றி உண்மை வந்தது. கேட்டவர் நம்பவில்லை.

நீங்கள் இந்த வகையைச் சேர்ந்தவர் இல்லை என்கிறீர்கள். பனியையே கண்ணால் பார்த்ததில்லை என்றும் சொல்வீர்கள். சரி. போன வாரம் வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு சாப்பிடப் போனீர்களே, “முன்னெல்லாம் இங்கே நல்லா இருக்கும்” என்று ஒவ்வொரு வாய்க்கும் ஒரு தடவை சொன்னது யார்? எதிரே இருந்தவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாரே, “பரவாயில்ல” என்றாரே, காதில் விழுந்ததா? அது போகட்டும். இப்போது இதைப் படித்து முடித்துவிட்டு, “இந்த ஆள் முன்னால எழுதினதெல்லாம் இதைவிட நல்லா இருந்துச்சு” என்று சொல்ல வாயெடுக்கிறீர்கள் பாருங்கள்! வாருங்கள், வரிசையில் எனக்குப் பின்னால் வந்து நில்லுங்கள்.